ரதியின் மன்றாட்டு: காமன் கூத்தும் நாடக எழுத்தின் அடிப்படைகளும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ9 வீதியில் போனால், அலுவிகாரையைத் தாண்டிச் சில கிலோமீற்றரில் பலாபத்வல வரும். மிளகும் கறுவாவும் ஏலமும் கொக்கோவுமாக வாசனைத் தோட்டங்கள் வீதியின் இரு பக்கமும் பெயர்ப்பலகை வைத்து உல்லாசப் பயணிகளை அழைக்கும் பகுதி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அவர்கள் நடந்த வடக்குப் பாதை ஏறத்தாழ இந்தத் தடத்தை ஒட்டித்தான் சென்றது. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். அந்த நடையை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்றது.

நடந்து வந்தவர்களிடம் மூட்டை முடிச்சு அதிகம் இல்லை. ஆனால் மூன்று கூத்துகள் அவர்களோடு மலையேறின: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு நடுவே உள்ள திறந்த வெளியில், தப்புப் பறை அதிர, இன்றும் பல தோட்டங்களில் இவை ஆடப்படுகின்றன. மலையகத்தின் நாடக வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இவற்றைச் சடங்கு என்ற தலைப்பின் கீழ் வைத்துவிட்டு, 'உண்மையான' நாடகத்தைத் தேடிக் கொழும்பு மேடைக்குப் போய்விடுகிறார்கள். நாடக எழுத்தைக் கற்க விரும்புகிறவருக்குக் காமன் கூத்தை விடச் சிறந்த பாலபாடம் பக்கத்தில் கிடையாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாடகத்தின் அடிப்படை உறுப்புகள் அதில் ஒளிவு மறைவின்றி வெளியே தெரிகின்றன.

கதைக்கும் நாடகத்துக்கும் இடையே

காமன் கூத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. தக்கன் யாகத்துக்குப் பின் சிவன் தவத்தில் அமர்கிறார். அசுரர் கொடுமை தாங்காத தேவர்கள், சிவன் தவம் கலைந்தால்தான் விடிவு என்று முடிவு செய்கிறார்கள். காமன் என்றும் மதன் என்றும் அழைக்கப்படும் மன்மதனுக்கு அழைப்பு வருகிறது. அவன் மலரம்பு எய்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். அவன் மனைவி ரதி அழுது மன்றாட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் மீள்கிறான். மாசி மாத அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும் நிகழ்வு, நாளுக்கு நாள் வளர்ந்து, பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமன் தகனத்தில் உச்சம் கொள்கிறது.

இதைப் பத்து வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அது கதை. இதே பத்து வரிக்காக ஒரு தோட்டமே விடிய விடியக் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறதென்றால், அங்கே வேறு ஏதோ நடக்கிறது. அந்த வேறு ஏதோ என்ன என்பதுதான் நாடக எழுத்தாளர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது.

கதை, நடந்து முடிந்ததைச் சொல்கிறது. நாடகம், நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. நாவலாசிரியர் "அவன் தயங்கினான்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். நாடக ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. தயக்கத்தை ஒரு செயலாக, ஒரு பேச்சாக, ஒரு மௌனமாக, மேடையில் நிற்கும் ஓர் உடலுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே நாடகப் பிரதி தன்னளவில் முழுமை பெற்ற இலக்கியம் அல்ல. நடிகரும் இசையும் வெளியும் பார்வையாளரும் வந்து சேர்ந்த பிறகே நிறைவு பெறும் திட்டம் அது. எதை எழுதுவது என்பதைப் போலவே எதை எழுதாமல் நடிகரிடம் விட்டுவிடுவது என்பதும் நாடக ஆசிரியரின் தொழிலில் ஒரு பாதி.

விருப்பமும் மறுப்பும்

காமன் கூத்தில் மிக நீளமாக நிற்பது தகனம் அன்று. அதற்கு முந்திய வாக்குவாதம். தூதன் ஓலை கொண்டு வருகிறான். மதன் புறப்பட ஆயத்தமாகிறான். கெட்ட கனவு கண்ட ரதி அவனைத் தடுக்கிறாள். போகாதே என்கிறாள், சிவனோடு மோதினால் மிஞ்சமாட்டாய் என்கிறாள். அவன் கடமையைச் சொல்கிறான், வீரத்தைச் சொல்கிறான், அழைத்தவர்களின் நிலையைச் சொல்கிறான். பாட்டுக்குப் பாட்டு, அடிக்கு அடி, இருவரும் ஆடி ஆடி வாதாடுகிறார்கள்.

நாடகத்தின் மூல உறுப்பு இதற்குள் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்று வேண்டும். இன்னொருவர் அதை மறுக்கிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. முரண் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். ஆனால் முரண் என்றதும் புதிய எழுத்தாளர்கள் நல்லவனையும் கெட்டவனையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார்கள். கொடிய கங்காணியும் அப்பாவித் தொழிலாளியும் மேடையில் நின்றால் நமக்கு இரக்கம் வரும். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ரதியும் மதனும் ஒருவரையொருவர் நேசிப்பவர்கள். அவள் தடுப்பது அன்பால். அவன் போவது கடமையால். இரண்டு சரிகள் மோதும்போதுதான் பார்வையாளரின் மனம் இரண்டாகப் பிளக்கிறது.

இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. மதன் எரிவான் என்பது கூட்டத்தில் உள்ள குழந்தைக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஆர்வம் குறைவதில்லை. ஏதென்ஸ் நகரத்துப் பார்வையாளர்களுக்கும் ஈடிபஸ் யார் என்பது முன்பே தெரியும். முடிவை ஒளித்து வைத்து அதிர்ச்சி தருவது சிறிய வித்தை. முடிவு தெரிந்த பின்னும், அதை நோக்கி ஒரு மனிதர் தன் தேர்வினாலேயே ஒவ்வோர் அடியாக நடப்பதைக் காட்டுவதே பெரிய கலை. போகாமல் இருக்க மதனுக்கு வழி இருந்தது. அந்த வழியை ரதி அவனுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினாள். அவன் அதைத் தெரிந்தே தாண்டினான் என்பதால்தான் அவன் அழிவு விபத்தாகாமல் நாடகமாகிறது.

ஐந்து சந்திகள்

நிகழ்ச்சிகளை எந்த வரிசையில் வைப்பது? அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சி என்று துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்புகள் கூறி, கதைப்பின்னலையே உயிர் என்றார். தமிழில் இந்த வினாவுக்கு நீண்ட மரபு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், சிரிப்பிலிருந்து மகிழ்ச்சி வரை எட்டு உணர்வுகளை வகைப்படுத்துகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், அழிந்துபோன நாடக நூல்களின் செய்திகளைத் தம் உரையில் பாதுகாத்தார். பரிதிமாற் கலைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'நாடகவியல்' எழுதினார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை வடமொழி, தமிழ் நாடக இலக்கணங்களோடு பொருத்திப் பார்த்த 'மதங்க சூளாமணி' 1926இல் மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. ஈழத்தவர் ஒருவர் எழுதிய முதன்மையான நாடக இலக்கண நூல் அதுவே.

அடியார்க்குநல்லார் தரும் ஐந்து சந்திகள் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன. அவர் இவற்றை வயலில் வைத்து விளக்குகிறார். உழுத நிலத்தில் விதை முளைப்பது முகம். முளை இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். உள்ளே கரு கொண்டு பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் முற்றிச் சாய்வது விளைவு. அறுத்துப் போரடித்து உண்பது துய்த்தல்.

காமன் கூத்தை இதில் பொருத்திப் பாருங்கள். தேவர்களின் இக்கட்டும் மதனைத் தேர்ந்தெடுப்பதும் முகம். ஓலை வருவதும் ரதியின் கெட்ட கனவும் பிரதிமுகம். ஆபத்தின் முதல் அறிகுறி இங்கே வெளியே தலைகாட்டுகிறது. ரதி மதன் வாதம் கருப்பம். முடிவு இன்னும் பிறக்கவில்லை, ஆனால் உள்ளே உருவாகிவிட்டது. அம்பும் நெற்றிக்கண்ணும் விளைவு. ரதியின் ஒப்பாரியும் வரமும் துய்த்தல்.

இந்த ஐந்தில் புதியவர்கள் அவசரப்பட்டுக் கடப்பது கருப்பத்தை. தொடக்கத்தில் பிரச்சினையைச் சொல்லிவிட்டு நேரே உச்சக்கட்டத்துக்குத் தாவுகிறார்கள். கூத்தோ தன் நேரத்தின் பெரும்பகுதியை அங்கேதான் செலவழிக்கிறது. புதியவர்கள் அடிக்கடி மறப்பது துய்த்தலை. மதன் எரிந்ததும் திரை விழுந்துவிட்டால், அந்த அழிவு யாருக்கு என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். ரதியின் புலம்பல்தான் நிகழ்ந்ததற்குப் பொருள் தருகிறது. சொந்த வீட்டு இழவுகளை நினைத்துப் பெண்கள் அப்போது அழுவதும் அதனால்தான்.

மரபுக் கதையை ஆசிரியர் என்ன செய்கிறார்?

கூத்துப் பிரதி, கூத்தைப் பழக்கும் வாத்தியாரிடம் இருக்கிறது. பாதி கொப்பியில், பாதி மனத்தில். அதைத் தனி ஒருவர் எழுதியதாகச் சொல்ல முடியாது. அப்படியானால் நாடக ஆசிரியர் என்ற தனிமனிதர் எங்கே வருகிறார்? மாத்தளையிலிருந்து கண்டியைத் தாண்டிச் சற்றுப் போனால் கிட்டும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு இரண்டு நல்ல விடைகள் உருவாயின.

முதலாவது எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே'. 1956 நவம்பர் 3இல் கொழும்பில் மேடையேறிய இந்தச் சிங்கள நாடகம், தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்ற மரபின் ஆட்டத்தையும் பாட்டையும் எடுத்துக்கொண்டது. மூலம் ஒரு புத்த சாதகக் கதை. அதில் இளவரசி காட்டில் கண்ட கள்வர் தலைவனிடம் மயங்கி, வாளை அவனிடம் கொடுத்துக் கணவனைக் கொல்ல வைக்கும் துரோகி. சரச்சந்திராவின் இளவரசியோ, தனியாக நின்று நேர்மையாகப் போரிட்ட வேடர் தலைவனைக் கொல்லாமல் விடும்படி கணவனிடம் கேட்கிறாள். கணவன் திகைத்த அந்த ஒரு கணத்தில் வாள் கைமாறிவிடுகிறது. அவள் பேசியது கருணையாலா, ஈர்ப்பாலா? நாடகம் பதில் சொல்வதில்லை. சம்பவம் ஏறத்தாழ அதேதான். நோக்கம் மாறியதும் நீதிக்கதை நாடகமாகிவிட்டது.

இரண்டாவது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் நெறிப்படுத்திய கூத்துகள். 1960களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை அவர் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். மட்டக்களப்பில் வட்டக்களரி என்ற வட்ட ஆடுகளத்தில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை நகர மேடைக்குரிய குறுகிய நேரத்துக்குச் சுருக்கினார். எதை வெட்டுவது, எதை வைப்பது என்ற கேள்வி வந்தவுடனேயே ஆசிரியர் பிறந்துவிடுகிறார். வரவுப் பாடல்களும் திரும்பத் திரும்ப வரும் ஆட்டங்களும் குறைந்தன. பாத்திரத்தின் மனப்போராட்டம் முன்னுக்கு வந்தது. சி. மௌனகுரு இராவணனாக ஆடிய 'இராவணேசன்' அரக்கனைக் கொடியவனாகக் காட்டாமல், தன் பெருமிதத்தாலேயே வீழும் துன்பியல் தலைவனாகக் காட்டியது.

பாத்திரப் படைப்பின் இலக்கணம் இங்கிருந்து கிடைக்கிறது. ஒருவரின் வயது, தொழில், ஊர் ஆகியவற்றைப் பட்டியலிடுவதால் பாத்திரம் உருவாவதில்லை. நெருக்கடியில் அவர் எதை விட்டுக்கொடுக்கிறார், எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்பதே அவரை யாரென்று சொல்கிறது. தனி ஆள்தான் பாத்திரமாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தில் ஒரு சமூகமே கூட்டாகப் பேசுகிறது, அஞ்சுகிறது, எழுகிறது.

பேச்சு என்னும் செயல்

உரையாடல் எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பாடசாலை நாடகங்களில் அடிக்கடி கேட்கும் வகை இது: "அம்மா, நாம் இருநூறு வருடங்களாக இந்தத் தோட்டத்தில் உழைத்தும் ஒரு துண்டு காணிகூட இல்லை. நான் படித்து நமது சமூகத்தை உயர்த்தப் போகிறேன்." சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் தாய்க்குத் தெரிந்ததையே மகள் தாய்க்குச் சொல்கிறாள். உண்மையில் அவள் பேசுவது சபையோரிடம்.

அதே சூழலை இப்படி எழுதிப் பார்க்கலாம். லயக் காம்பராவில் விடியற்காலை, வெளியே மழை.

மகள்: பெட்டிய எங்கம்மா வச்சீங்க?
தாய்: கூரை ஒழுகுது. அரிசி மூட்டைய அங்கிட்டு நகட்டு.
மகள்: பஸ் அஞ்சரைக்கும்மா.
தாய்: அரிசி நனையுதுன்றேன், காதுல விழல?
மகள்: (மூட்டையை நகர்த்துகிறாள். பின்னால் பெட்டி இருக்கிறது.)
தாய்: அப்பா பெரட்டுக்குப் போயிட்டு வந்துரட்டும். சொல்லிட்டுப் போ.
மகள்: அவரு வந்தா நான் போகமாட்டேன்.

போராட்டம், சமூகம், எதிர்காலம் என்ற சொற்கள் ஒன்றும் இல்லை. மகளுக்குப் போக வேண்டும். தாய் நேரத்தைக் கடத்துகிறாள். அரிசி மூட்டை வெறும் மேடைப் பொருளாக நிற்காமல் தடையாக நிற்கிறது. பெட்டியை ஒளித்து வைத்தவளே மூட்டையை நகர்த்தச் சொல்வதால், அவள் மனம் இரண்டாக இருப்பது விளங்குகிறது. பஸ் நேரம் காட்சிக்குக் கெடு வைக்கிறது. கடைசி வரியில்தான் மகள் தகப்பனுக்குப் பயந்து ஓடவில்லை, தகப்பன் மேல் உள்ள பாசத்துக்குப் பயந்து ஓடுகிறாள் என்பது தெரியவருகிறது. ரதியும் மதனும் பாட்டில் செய்ததைத்தான் இவர்கள் பேச்சில் செய்கிறார்கள். நல்ல வசனத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு: இதைச் சொல்வதால் எதிரே இருப்பவரிடம் இவர் எதைப் பெறப் பார்க்கிறார் என்று ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். பதில் இல்லாத வரியை அடித்துவிடலாம்.

வட்டார மொழி பற்றியும் ஒரு சொல். நகட்டு (நகர்த்து), பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவது), காம்பரா (அறை) என்பன அலங்காரத்துக்காகச் சேர்த்தவை அல்ல. அந்த வீட்டில் வேறு விதமாகப் பேசமாட்டார்கள். கூத்து இந்த விடயத்தில் நெகிழ்வானது. தேவர்களும் அரசர்களும் விருத்தத்தில் பாட, கோமாளி தோட்டத்துப் பேச்சில் துரையையும் கங்காணியையும் கிண்டல் செய்வான். இரண்டு மொழிநடைகள் அருகருகே நின்று ஒன்றையொன்று உரசும்போது சிரிப்பும் விமர்சனமும் சேர்ந்தே பிறக்கின்றன.

வெளியும் கூட்டமும்

படச்சட்ட மேடையில் பார்வையாளர் ஒரு பக்கம்தான். கூத்துக் களத்தில் சுற்றிவர மக்கள். தேர்ந்தெடுக்கும் வெளி பிரதியையே மாற்றிவிடும். நாலு பக்கமும் ஆள் இருந்தால் பெரிய காட்சியமைப்பு வைக்க முடியாது. நடிகரின் உடலும் குரலும் ஒன்றிரண்டு பொருளுமே உலகத்தைக் காட்ட வேண்டும். களத்தை ஒருமுறை சுற்றி வந்தால் தேவலோகத்திலிருந்து கயிலைக்கு வந்தாயிற்று. அருச்சுனன் தபசில் உயர்ந்த கம்பத்தில் படிப்படியாகப் பாடி ஏறுவதே தவத்தின் கடுமையைக் காட்டிவிடும், விளக்கம் தேவைப்படாது. 2000களின் தொடக்கத்தில் பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய 'ஜனகரளிய' நடமாடும் அரங்கு, சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒரே குழுவாக்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனபோதும் சுற்றிவர உட்காரும் இத்தகைய வெளியையே நம்பியது.

காமன் கூத்தில் பார்வையாளர் வெறும் பார்வையாளர் அல்லர். ரதியும் மதனும் லயம் லயமாக வரும்போது வீட்டு வாசலில் வரவேற்றுக் காணிக்கை தருகிறார்கள். அந்த நாட்களில் வேடம் கட்டுபவர் விரதம் இருக்கிறார். நவீன நாடக ஆசிரியர் இந்த நம்பிக்கையை அப்படியே பெற முடியாது. ஆனால் பார்க்க வருபவர் தம்மோடு எதைக் கொண்டு வருகிறார் என்ற கேள்வியை அவர் எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி எழுத வேண்டியது

மலையகத்தில் எழுத்து நாடகத்துக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1930களில் தோட்டத் தொழிலாளரின் அவலத்தை வைத்து 'அந்தரப் பிழைப்பு நாடகம்' எழுதினார். மேடையும் அரசியலும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை. மாத்தளை மண் தந்த மாத்தளை கார்த்திகேசு 'காலங்கள்' முதலான நாடகங்களை எழுதினார். 'வழி பிறந்தது' நாவலும் 1980இல் வெளிவந்த 'அவள் ஒரு ஜீவநதி' திரைப்படத் தயாரிப்பும் அவருடையவையே. இன்று நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாக இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாடகமும் நாட்டுக்கூத்தும் இடம்பெறுகின்றன. களம் இருக்கிறது, புதிய பிரதிகள்தாம் போதவில்லை.

கூத்தை அப்படியே காப்பாற்றுவது ஒரு வேலை. அதிலிருந்து எழுதுவது வேறு வேலை. இரண்டாவது வேலைக்கு மரபின் மேல் மதிப்பும் வேண்டும், அதைக் கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும். ரதியை வழிவழியாக ஆண்களே ஆடி வந்திருக்கிறார்கள். தப்பு இல்லாமல் கூத்து இல்லை. ஆனால் தப்படிப்பவருக்குச் சாதி தந்த இடம் கூத்துக் களத்திலும் பின்வரிசைதான். கோபித்தவர் எரித்தார், எரித்தவரே வரம் தந்தார் என்ற சமாதானம் மரபுக்குப் போதுமாக இருக்கலாம். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும் கணவனோடு ரதி எப்படி வாழ்வாள் என்ற கேள்வி நாடக ஆசிரியருக்கு மிச்சமிருக்கிறது.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குபவர், கதையை மாற்றாமலே நாடகத்தின் மையத்தை மன்மதனிடமிருந்து ரதிக்கு நகர்த்திவிடலாம். வேலை தேடி நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் பிள்ளைகளையும் கணவரையும் மனைவியரையும் அனுப்பிவிட்டுத் தொலைபேசித் திரையில் மட்டும் அவர்களைக் காணும் குடும்பங்கள் தோட்டம் தோறும் இருக்கின்றன. ரதியின் நிலை அவர்களுக்குப் புராணம் அல்ல. யாருக்கு என்ன வேண்டும், யார் மறுக்கிறார், தெரிந்தே எடுத்த முடிவு என்ன, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தால், முதல் காட்சியை எழுதிவிடலாம்.